வான்கோழி வேட்டைக்கான தோட்டா: தேர்வு, காகிதச் சோதனை, கையால் நிரப்புதல்

அமெரிக்காவின் வசந்தகால வான்கோழி வேட்டையில் குறி வைப்பது பறவையின் உடம்பை அல்ல, தலையையும் கழுத்தையும். சிறகடர்ந்த நெஞ்சில் பெல்லட் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோக உருண்டை) பட்டால் பறவை பெரும்பாலும் அடிபட்டபடியே ஓடியோ பறந்தோ தப்பிவிடும். எங்கோ புதருக்குள் கிடந்து சாகும். கைக்குக் கிடைத்தாலும் கறியெல்லாம் ஈயமாக இருக்கும். மூளை, கழுத்தெலும்புக்குள் ஓடும் தண்டுவடம், இந்த இரண்டில் ஒன்று உடைந்தால்தான் பறவை நின்ற இடத்திலேயே விழும். தோட்டாவைப் பற்றிய எல்லா முடிவும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தச் சிறிய இலக்கில் நாலைந்து பெல்லட்டாவது விழ வேண்டும்; விழுகிற ஒவ்வொன்றுக்கும் எலும்பை உடைக்கும் பலமும் இருக்க வேண்டும். எண்ணிக்கை கூட வேண்டுமானால் பெல்லட் சிறுக்க வேண்டும். பலம் கூட வேண்டுமானால் பெல்லட் பெருக்க வேண்டும், அல்லது அதே அளவில் கனக்க வேண்டும். தோட்டாத் தேர்வு என்பது இந்த இழுபறியைத் தீர்த்துவைப்பதுதான்.

பெட்டியில் உள்ள எண்கள்

ஒரு பெட்டியில் 12 கேஜ், 3 இன்ச், 1¾ அவுன்ஸ் (பெல்லட்டுகளின் மொத்த எடை), 5-ம் நம்பர் (பெல்லட்டின் அளவு), வினாடிக்கு 1,200 அடி என்று போட்டிருக்கும். முதல் இரண்டும் துப்பாக்கியோடு பொருந்த வேண்டியவை. அதில் சமரசமே கிடையாது. உங்கள் துப்பாக்கிக் குழலின் பக்கவாட்டில் கேஜும் (குழலின் உள்விட்ட அளவு) சேம்பர் (தோட்டா அமரும் அறை) நீளமும் பொறித்திருக்கும். 3 இன்ச் சேம்பரில் 2¾ இன்ச் தோட்டா போடலாம். 3½ இன்ச் தோட்டா போடக் கூடாது.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தோட்டாவின் நீளம் சுடுவதற்கு முன்பு அளந்தது அல்ல, சுட்டு வாய் விரிந்த பிறகு அளந்தது. அதனால் 3½ இன்ச் தோட்டா 3 இன்ச் சேம்பருக்குள் தடங்கல் இல்லாமல் நுழைந்துவிடக் கூடும். சுடும்போதுதான் தோட்டா வாயின் மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலுக்குள் போய் முட்டும்; அழுத்தம் எகிறும். உள்ளே போகிறது என்பதால் பொருந்துகிறது என்று நினைக்காதீர்கள்.

பெல்லட் நம்பருக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 17-இலிருந்து நம்பரைக் கழித்தால் விட்டம் இன்ச்சின் நூறில் ஒரு பங்காகக் கிடைக்கும். 4-ம் நம்பர் 0.13 இன்ச், 5-ம் நம்பர் 0.12, 6-ம் நம்பர் 0.11, 9-ம் நம்பர் 0.08. நம்பர் ஏற ஏற பெல்லட் சிறுக்கும். ஈயத்தில் ஒரு அவுன்ஸுக்கு 4-ம் நம்பர் ஏறக்குறைய 135 பெல்லட், 5-ம் நம்பர் 170, 6-ம் நம்பர் 225. ஆக 1¾ அவுன்ஸ் தோட்டாவில் 5-ம் நம்பர் ஏறத்தாழ 300 பெல்லட்டும், 6-ம் நம்பர் 390-க்குச் சற்று மேலும் இருக்கும்.

வேகத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உருண்டை பெல்லட் காற்றில் வேகமாகவே வேகத்தை இழக்கிறது. குழல் வாயிலில் கூடுதலாகக் கிடைத்த 100 அடி, 40 யார்டு போய்ச் சேருவதற்குள் பெருமளவு கரைந்துவிடும். ஈயத்தைக் கூடுதல் வேகத்தில் தள்ளினால் பெல்லட் நசுங்கி வட்டம் (இலக்கில் பெல்லட்டுகள் விழும் பரப்பு) சிதறவும் செய்யும். ஒரே எடையில் இரண்டு வேகங்கள் கடையில் இருந்தால், மெதுவானதை முதலில் சுட்டுப் பாருங்கள்.

ஈயமா, டங்ஸ்டனா

பெல்லட்டின் அடர்த்தியைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு கன சென்டிமீட்டருக்கு எஃகு 7.8 கிராம், பிஸ்மத் 9.6, ஈயம் சுமார் 11, டிஎஸ்எஸ் எனப்படும் டங்ஸ்டன் கலவை சுமார் 18. அடர்த்தி கூடினால் சிறிய பெல்லட்டே பெரிய ஈயப் பெல்லட்டின் வேலையைச் செய்யும். 9-ம் நம்பர் டிஎஸ்எஸ், 5-ம் நம்பர் ஈயத்துக்கு ஈடாகப் பாயும் என்பது வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. ஆனால் ஒரு அவுன்ஸில் ஈயம் 170 என்றால் இது 360 அளவுக்கு வரும். அதே பாய்ச்சல், இரண்டு மடங்கு எண்ணிக்கை.

இதனால்தான் 12-ஐவிடச் சிறிய 20 கேஜும், ஏன் அதைவிடச் சிறிய .410-உம்கூட, இன்று வான்கோழித் துப்பாக்கிகளாகியிருக்கின்றன. 3 இன்ச் .410 தோட்டாவில் 13/16 அவுன்ஸ் 9-ம் நம்பர் டிஎஸ்எஸ் போட்டால் ஏறத்தாழ 290 பெல்லட் கிடைக்கும். 12 கேஜ் 5-ம் நம்பர் ஈயத் தோட்டாவின் எண்ணிக்கைக்கு அது மிக அருகில். தோள் வலிக்கப் பயப்படுகிறவர்கள், சிறுவர்கள், நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவர்கள் 20 கேஜில் டிஎஸ்எஸ் எடுப்பது நல்ல முடிவு. 3½ இன்ச் 12 கேஜின் உதையை இதற்காகச் சுமக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை என்பதே எங்கள் கருத்து. அந்த உதை கண்ணை மூட வைக்கும், விசையைச் சுண்ட வைக்கும். தவறவிட்ட பறவைகள் பலவற்றுக்குக் காரணம் அந்தப் பதற்றம்தான்.

டிஎஸ்எஸ்ஸின் குறை விலை. 5 தோட்டா கொண்ட சின்னப் பெட்டியாகத்தான் பெரும்பாலும் வரும். ஒரு பெட்டியின் விலையில் ஈயத் தோட்டாக்கள் பல மடங்கு வாங்கலாம். 35 யார்டுக்குள் மட்டும் சுடப்போகிறீர்கள், கையில் 12 கேஜ் இருக்கிறது என்றால், செம்பு பூசிய 5 அல்லது 6-ம் நம்பர் ஈயமே தாராளமாகப் போதும். செம்புப் பூச்சும், பெல்லட்டுகளுக்கு நடுவே நிரப்பும் பிளாஸ்டிக் தூளும் பெல்லட் நசுங்குவதைக் குறைக்கின்றன. நசுங்கிய பெல்லட் விலகி ஓடும். உருண்டையாக இருப்பது நேராகப் போகும். 4-ம் நம்பர் ஈயத்தைப் பழக்கத்தால் வாங்குகிறவர்கள் உண்டு. பாய்ச்சலில் குறையில்லை, ஆனால் 2 அவுன்ஸிலேயே 270 பெல்லட்தான், 40 யார்டில் வட்டத்துக்குள் வெற்றிடங்கள் விழும்.

ஈயம் கூடாத இடங்களும் உண்டு. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்தக் காட்டு விலங்கை வேட்டையாடவும் ஈயமற்ற தோட்டா கட்டாயம். நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 முதல் நாடு முழுக்க ஈயம் தடை. வான்கோழி அதில் வராது என்றாலும், சில பொதுநிலங்களுக்குத் தனி விதி இருக்கலாம். பெல்லட் நம்பரின் மேல்வரம்பு, கீழ்வரம்பு, அனுமதிக்கப்பட்ட கேஜ், மேகசினில் எத்தனை தோட்டா என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்த ஆண்டின் வேட்டை விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டே பெட்டி வாங்குங்கள். எஃகுத் தோட்டா எடுக்க வேண்டி வந்தால், ஈயத்தில் எடுப்பதைவிட இரண்டு நம்பர் பெரியதாக எடுத்து, தூரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

சோக்

12 கேஜ் குழலின் உள்விட்டம் 0.729 இன்ச். குழல் முனையைக் குறுக்கும் குழாய்தான் சோக்; சாதாரண ஃபுல் சோக் அதை 0.69 இன்ச் அளவுக்குக் குறுக்கும். வான்கோழிக்கென்று விற்கும் சோக்குகள் 0.640 முதல் 0.675 வரை போகும். இறுக்கம் கூடினால் வட்டம் அடரும் என்று எண்ணி 0.640-க்கு ஓடுகிறவர்கள் நிறைய. 5, 6-ம் நம்பர் ஈயத்தை அவ்வளவு இறுக்கினால் பெல்லட்டுகள் ஒன்றையொன்று நசுக்கி நடுவில் ஓட்டை விழுந்த வட்டமாக வெளியே வரும். 0.660, 0.665, 0.670 பக்கம் தொடங்குவது நல்லது. எந்த சோக் எந்தத் தோட்டாவோடு ஒத்துப்போகும் என்பதைச் சுட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஒரே மாடல் துப்பாக்கி இரண்டு இருந்தால் அவையேகூட ஒரே மாதிரி நடக்காது. எஃகுப் பெல்லட்டையும் டங்ஸ்டனையும் இறுக்கமான சோக்கில் சுட, அந்த சோக்கின் மேல் அதற்கான அனுமதி எழுதியிருக்க வேண்டும். ஈயத்துக்கு மட்டும் என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள், குழல் முனை வீங்கும்.

காகிதத்தில் சுட்டுப் பார்ப்பது

இந்த வேலையைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் வேட்டையின் முடிவு பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது.

குறைந்தது 36 இன்ச் அகல நீளமுள்ள காகிதம் எடுங்கள். நடுவில் பெரிதாக ஒரு புள்ளி வையுங்கள். வான்கோழித் தலை படம் வேண்டாம், அது பிறகு. மேஜையில் மணல் பையின் மேல் துப்பாக்கியை ஊன்றி, முதலில் விலை மலிந்த இலேசான தோட்டாவை 15 யார்டில் சுடுங்கள். துப்பாக்கி ஏறக்குறைய எங்கே அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும். பார்வைக்கருவியை அங்கே சரிசெய்துவிட்டு வேட்டைத் தோட்டாவுக்கு மாறுங்கள். கனமான தோட்டா இலேசானது அடித்த இடத்தில் அடிக்காது. ஆகவே இறுதிச் சரிபார்ப்பு வேட்டைத் தோட்டாவால்தான்.

20, 30, 40 யார்டுகளில், ஒவ்வொன்றுக்கும் புதிய காகிதம், ஒவ்வொரு தோட்டா வகைக்கும் குறைந்தது மூன்று சுடு. ஒரு சுட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒரே பெட்டிக்குள்ளேயே ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு வரும். காகிதத்தில் தூரம், தோட்டா, சோக் மூன்றையும் உடனே எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் எது எதுவென்று தெரியாமல் போகும்.

இப்போது எண்ண வேண்டும். பெல்லட்டுகள் மிக அடர்ந்து விழுந்த இடத்தைக் கண்ணால் தேடி, அதை மையமாக வைத்து 10 இன்ச் விட்டமுள்ள வட்டம் வரையுங்கள். நீங்கள் குறிவைத்த புள்ளியைச் சுற்றி அல்ல. அடர்த்தி ஒரு கேள்வி, எங்கே அடிக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்தால் நல்ல தோட்டாவைத் தூக்கி எறிவீர்கள். வட்டத்துக்குள் 100 பெல்லட் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 78 சதுர இன்ச்; ஆக ஒரு சதுர இன்ச்சுக்கு ஒன்றேகால் பெல்லட். தலையும் கழுத்தெலும்பும் சேர்ந்த சில சதுர இன்ச்சில் நாலைந்து விழும் என்பதற்கு அதுவே உத்தரவாதம். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒரு முஷ்டி நுழையும் அளவுக்கு வெற்றிடம் தெரிந்தால் அந்தத் தோட்டா வேண்டாம். 120 பெல்லட் ஒரு பக்கமாகக் குவிவதைவிட 100 பரவலாக விழுவது மேல்.

எந்தத் தூரத்தில் மூன்று காகிதத்திலும் 100-க்குக் கீழே போகாமல் நிற்கிறதோ, அதுவே உங்கள் எல்லை. ஒருவருக்கு அது 45 யார்டாக இருக்கலாம், இன்னொருவருக்கு 32. பெட்டியின் மேல் போட்ட தூரம் உங்கள் துப்பாக்கியை அறியாது.

அடுத்தது இடம். வட்டத்தின் மையம் குறிப்புள்ளியிலிருந்து 20 யார்டில் 3 இன்ச் விலகினால், 40 யார்டில் ஏறக்குறைய 6 இன்ச் விலகும். வான்கோழித் தலைக்கு 6 இன்ச் விலகல் என்றால் முழுத் தவறு. ரெட் டாட் போன்ற சரிசெய்யக்கூடிய பார்வைக்கருவி இருந்தால் இது இரண்டு திருகில் தீரும். வெறும் முனைமணி மட்டுமுள்ள துப்பாக்கியில் கன்னம் ஸ்டாக்கில் (தோளில் ஊன்றும் கட்டை) எங்கே படிகிறது என்பதைப் பொறுத்தது. கன்னம் தூக்கினால் சுடு மேலே போகும். பறவையைப் பார்க்கும் ஆவலில் தலையை உயர்த்திவிடுவதுதான் மிகச் சாதாரணமான தவறு.

10 யார்டிலும் ஒரு முறை சுட்டுப் பாருங்கள். இறுக்கமான சோக்கில் பெல்லட் அனைத்தும் ஒரு முஷ்டி அளவு ஓட்டைக்குள் போயிருக்கும். பறவை அவ்வளவு அருகில் வந்துவிட்டால் தலையை அசைக்கிற நேரத்தில் அந்த முஷ்டி எளிதாக விலகிப்போகும். கிட்ட வந்த பறவைதான் பலமுறை தப்புகிறது. கடைசியாக, மேஜையை விட்டு எழுந்து, வேட்டையில் உட்காருவது போலத் தரையில் மரத்தில் சாய்ந்து, முட்டியின் மேல் துப்பாக்கியை வைத்து இரண்டு சுடு சுடுங்கள். மேஜையில் நேராக அடித்தது இங்கே மாறினால், மாறியதை நம்புங்கள்.

கையால் நிரப்புவது

தோட்டாவைத் தாமே நிரப்புகிறவர்கள் டிஎஸ்எஸ் விலையைக் குறைக்கவும் கடையில் கிடைக்காத எடையைப் பெறவும் செய்கிறார்கள். செய்யலாம், ஆனால் ஒரே ஒரு நிபந்தனையோடு: மருந்து (வெடிமருந்து), பிரைமர் (அதைப் பற்றவைக்கும் பொட்டு), கூடு, வாட் (மருந்துக்கும் பெல்லட்டுக்கும் நடுவே நிற்கும் பிளாஸ்டிக் கிண்ணம்), பெல்லட் எடை ஐந்தும் பெயரோடு குறிப்பிட்ட, வெளியீட்டாளர் அழுத்தம் அளந்து அச்சிட்ட செய்முறை கையில் இருக்க வேண்டும். அதில் ஒன்றைக்கூட மாற்றக் கூடாது. பிரைமரை மட்டும் மாற்றினாலே அழுத்தம் ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. (சதுர இன்ச்சுக்குப் பவுண்டு) மாறக் கூடும். 2¾, 3 இன்ச் 12 கேஜுக்கான உச்ச வரம்பு 11,500 பி.எஸ்.ஐ., 3½ இன்ச்சுக்கு 14,000, 20 கேஜுக்கு 12,000. கனத்த வான்கோழித் தோட்டாக்கள் ஏற்கெனவே இந்த வரம்பை ஒட்டித்தான் நிற்கின்றன. விளையாட இடமில்லை. இங்கே மருந்தின் அளவைத் தராததும் அதனால்தான்.

வேலையின் வரிசை இது. கூட்டை முதலில் வெளிச்சத்தில் பாருங்கள். வாய் ஓரத்தில் வெடிப்பு, அடியில் கருகல், நீளத்தில் குறைவு எது இருந்தாலும் குப்பைக்கு. பழைய பிரைமரை எடுத்து, அடிப்பகுதியை அளவுக்கு அழுத்தி, புதிய பிரைமரை அடிமட்டத்துக்குச் சமமாகவோ கொஞ்சம் உள்ளேயோ அமர்த்துங்கள். வெளியே துருத்தி நின்றால் போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பூட்டு) மூடும்போதே வெடிக்கும் ஆபத்து உண்டு. மருந்தைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். பிறகு வாட்டை மருந்தோடு ஒட்டி அமரும்வரை அழுத்துங்கள். அடியில் காற்றிடம் விடக் கூடாது.

பெல்லட்டையும் நிறுக்க வேண்டும். இது மிக முக்கியம். ஒரு அவுன்ஸ் 437.5 கிரெய்ன், 1⅝ அவுன்ஸ் என்றால் 711 கிரெய்ன். ஈயத்துக்கென்று துளையிட்ட அளவுக் குப்பியில் டங்ஸ்டனை அள்ளினால், அதே கொள்ளளவில் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் எடை உள்ளே போகும். குழல் வெடிக்க அது ஒன்று போதும். டங்ஸ்டன் குழல் எஃகைவிடக் கடினம். ஈயத்துக்கான மெல்லிய வாட்டைத் துளைத்துக்கொண்டு குழலைக் கீறிவிடும். செய்முறை சொல்லும் தடித்த வாட்டே வேண்டும். பிளாஸ்டிக் தூள் செய்முறையில் இருந்தால் மட்டும் சேர்க்கவும். நல்ல வட்டம் கிடைக்கட்டும் என்று இல்லாத இடத்தில் சேர்த்தால் அழுத்தம் ஏறும். தூளைச் சிறிது சிறிதாகப் போட்டு மெல்லத் தட்டினால் அது பெல்லட்டுகளுக்கிடையே இறங்கும்.

மடிப்புதான் வேலையின் நேர்மையைக் காட்டும். மடிப்பு நடுவில் குழிந்தால் உள்ளடக்கம் குறைந்துவிட்டது, புடைத்தால் கூடிவிட்டது. நடுவில் துளை விட்டால் 9-ம் நம்பரும் தூளும் பையிலேயே கொட்டும். உயரம் சரியாக வராதபோது மருந்தைக் கூட்டிச் சமாளிக்கவே கூடாது. செய்முறை அனுமதிக்கும் ஃபெல்ட் அட்டையால் சரிசெய்ய வேண்டும். பெட்டியில் தேதி, செய்முறை, பெல்லட் நம்பர் எழுதுங்கள். பெயர் தெரியாத மருந்து, பெயர் கிழிந்த டப்பா எதையும் பயன்படுத்தாதீர்கள்.

சுடும்போது வழக்கமான ஓசைக்குப் பதில் ‘புஸ்’ என்று மங்கலாகக் கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். வாட் குழலில் சிக்கியிருக்கும். தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு, சேம்பர் பக்கத்திலிருந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது.

காட்டில் ஏற்றும்போது

12 கேஜ், 20 கேஜ் இரண்டையும் ஒரே பையில் எடுத்துப் போகக் கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் நிற்கும். பின்னால் 12 கேஜ் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சளில் செய்வதே இதற்காகத்தான். ஆனால் இருட்டில் நிறம் தெரியாது.

அதிகாலையில் அரவம் கேட்காமல் இருக்க ஆட்டோ துப்பாக்கியின் போல்ட்டைக் கையால் பிடித்து மெல்ல மூடுகிறவர்கள், அது கடைசி வரை பூட்டியிருக்கிறதா என்று கைப்பிடியை முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும். பாதி பூட்டிய போல்ட்டில் விசையை இழுத்தால் ‘கிளிக்’ மட்டும் கேட்கும். அப்படிக் கேட்டால் முனையைப் பாதுகாப்பான திசையிலேயே அரை நிமிடமாவது பிடித்திருந்து, பிறகே தோட்டாவை வெளியே எடுங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

உட்கார்ந்ததும் சுற்றியுள்ள மரங்களில் 20, 30, 40 யார்டு எதுவென்று பார்த்து வையுங்கள். பறவை இறகு விரித்து உப்பி நிற்கும்போது கழுத்து உடம்புக்குள் மடங்கியிருக்கும்; சுட வேண்டாம். கழுத்தை நீட்டி நிமிரும்வரை பொறுத்து, வெற்றுத் தோல் முடிந்து இறகு தொடங்கும் கோட்டில் குறி வையுங்கள். தினமும் ஏற்றி இறக்கும் அதே தோட்டாவின் மடிப்பு மெல்லத் திறக்கும், பித்தளையில் கீறல் விழும். அப்படிப்பட்டதைக் காகிதச் சோதனைக்கு ஒதுக்கிவிட்டு, வேட்டைக்குப் பெட்டியிலிருந்து புதியதை எடுங்கள்.